இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிய வெள்ளிக்கிழமை

போன ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி இருக்கும். கல்வராயன் மலை இறக்கத்தில் என் வண்டியின் பிரேக் பிடிக்காமல் போனது. இன்று இதை எழுத நான் இருப்பது மாரியம்மன் கொடுத்தது. எப்படிக் கொடுத்தாள் என்பதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரியும் முடித்தேன், இயற்பியல். மலைமேல் கரியாலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. அந்த வெள்ளிக்கிழமைக்குள் சேராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் ஊரில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பஸ்ஸில் போனால் அன்றே திரும்புவது நிச்சயமில்லை. சென்னைக்கு வேலைக்குப் போன அண்ணன் விட்டுப்போன பைக் வீட்டில் நின்றது. அதில் தனியாகப் போகிறேன் என்றேன்.

"பொம்பளப் புள்ள தனியா மல ஏறுவியா? இன்னா பேச்சு பேசிக்கினு கீற?" என்றாள் அம்மா.

"ஏரிக்கரய தாண்டி ஓட்னது இல்ல, மலையில ஓட்டப் போறாளாம்" என்று அப்பா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பொழுது சாயறதுக்குள்ள வூடு வந்துடணும். வரலன்னா இந்த வேலையே வேணாம்மா."

அந்த ஒரு வார்த்தைதான் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். "தாயே, கொண்டுபோய்ச் சேர்த்து, கொண்டுவந்தும் சேர்த்துவிடு."

ஏறும்போது பயமே இல்லை. ஒவ்வொரு வளைவுக்கு அப்பாலும் என்ன இருக்கும் என்று பார்க்கும் ஆசைதான். காது அடைத்தது, காற்று குளிர்ந்தது. கீழே கோமுகி அணை கண்ணாடித் துண்டு போலக் கிடந்தது. பள்ளியில் கையெழுத்துப் போட்டேன். என் பெயரைப் பதிவேட்டில் பார்த்தபோது அழுகை வந்தது.

திரும்பும்போதுதான் அந்தத் தவறு. எங்கள் ஊர்ப்பக்கம் இறக்கம் வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் விடுவோம். பெட்ரோல் மிச்சம். எங்களுக்குத் தெரிந்த இறக்கம் ஏரிக்கரை இறக்கம் ஒன்றுதான். மலையிலும் அதையே செய்தேன். சத்தமில்லாமல் வண்டி இறங்கியது சுகமாக இருந்தது. ஏழெட்டு வளைவுகள் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால் முழு பலத்தோடு மிதித்தேன். வண்டி கேட்கவில்லை. உராய்வு, வெப்பம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான்! அந்த நேரத்தில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. வலது பக்கம் பள்ளம்.

"மாரியாத்தா!" என்று அலறினேன். அதற்குமேல் மூச்சு இல்லை.

அப்போது ஒரு பெண் குரல்: "கியரப் போடு புள்ள! கியரப் போடு!"

கிளட்சை அழுத்தி, கியரை மிதித்து, மெல்ல விட்டேன். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல வண்டி குலுங்கி வேகம் குறைந்தது. வளைவில் திரும்பி, மேட்டுப்பக்க மண்ணில் போய் மோதிச் சாய்ந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

என் வயதுப் பெண் ஒருத்தி கையில் கத்தியோடு ஓடி வந்தாள். பெயர் செல்வி. சாலையோரம் பலாச்சுளை விற்கிறவள். தண்ணீர் கொடுத்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தாள்.

"கீழ இருந்து வர்றவங்க ஏன் இப்படி வண்டிய அணச்சிட்டு எறங்கறீங்க? எங்கூட்டுக்காரரு கெழங்கு லோடு ஏத்திக்கினு கியர்லதான் எறங்குவாரு. படிச்ச புள்ளயா நீ?"

"படிச்ச புள்ளதான்" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

"என்னை எப்படிப் பார்த்தீங்க?"

"எங்க பாத்தேன்? திரும்பி உக்காந்து பழம் அறுத்துக்கினு இருந்தேன். நீ ஆத்தாள கூப்ட்ட பாரு, அதக் கேட்டுத்தான் திரும்பனேன்."

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இன்ஜின் ஓடியிருந்தால் என் அலறல் அவள் காதில் விழுந்திருக்குமா? அவள் சொன்னது எனக்குக் கேட்டிருக்குமா? என் முட்டாள்தனத்தையே தாய் வழியாக்கிக்கொண்டாளா? படித்த புத்தியால் எத்தனையோ முறை புரட்டிப் பார்த்துவிட்டேன். பிடிபடவில்லை. பிடிபடாததில் எனக்கு வருத்தமும் இல்லை.

பிரேக் ஆறும் வரை காத்திருந்து, முதல் கியரில் ஊர்ந்து இறங்கினேன். ஊர் எல்லைக்கு வந்தபோது வெயில் பனைமரத் தலையில் மட்டும் இருந்தது. மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சொன்னால் வேலைக்கு விடமாட்டார்கள். ஆனால் காப்பாற்றியவளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா விபூதியை அள்ளி என் நெற்றியில் பூசினாள். அப்பா வண்டியின் பிரேக்கைக் காலால் அழுத்திப் பார்த்தார்.

"திங்கக்கெழம போவியா?"

"போவேன்பா."

"அப்போ நாளைக்கி மெக்கானிக்காண்ட உட்டு பிரேக்க பாத்துடலாம்" என்றார்.

இப்போது அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். உராய்வுப் பாடம் வந்தால் என் முழங்கைத் தழும்பைக் காட்டுகிறேன்.

இதைப் படிக்கும் சகோதரிகளே, வீட்டை விட்டுத் தனியாகக் கிளம்பப் பயமா? தாயைக் கூப்பிட்டுக் கிளம்புங்கள். வழியில் தவறு செய்தாலும் கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். கூப்பிட்ட பிறகு கொஞ்சம் காது கொடுங்கள். அவள் யார் குரலில் பதில் சொல்வாள் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது.