சந்தனம் வைத்த பன்னிரண்டு கண்ணாடிகள்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்த ஓர் ஆயுத பூஜை சமயம். இது கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டிலேயே நடந்தது.

சேலத்தில் ஆராய்ச்சி செய்துவந்த என் மகள் சென்னைக்குக் கிளம்பியிருந்தாள். வழியில் பேருந்து நின்றுவிட, பூஜைக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கையில் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே பன்னிரண்டு கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொன்றிலும் கோபால்ட் உலோகத்தை மெல்லிய படலமாகப் படிய வைத்திருந்தாள். மூன்று வருட உழைப்பு. அவற்றின் காந்தத் தன்மையை அளக்கச் சென்னையில் ஓர் ஆய்வகம் அவளுக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கியிருந்தது. பூஜைக்கு மறுநாள்.

என் கணவர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வெறும் கண்ணாடியாட்டம் கீது. இத்தத்தான் மூணு வருசமா செஞ்சிக்கினு இருந்தியா?"

"கண்ணுக்குத் தெரிஞ்சாதான்ப்பா தப்பு. ஓரத்துல புடி, மேல வெரல் படக்கூடாது," என்று சிரித்தாள். "ஒரு முடிய ஆயிரக்கணக்காப் பொளந்தா வர்ற கனம். அவ்ளோ மெல்லிசானா அதோட காந்தம் படுக்காம நிமிந்து நிக்கும். அத்தத்தான் அளக்கப் போறேன்."

பூஜையன்று காலை வண்டி விசாரிக்க அவள் வெளியே போயிருந்தாள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது. இதுவும் கைகூடாவிட்டால் என்ன ஆவாள் என்ற பயம் எனக்கு. தையல் மெஷின், அரிவாள்மனை, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள், அந்தப் பெட்டியையும் பூஜைப் பலகையில் வைத்துத் திறந்தேன். விரல் படக்கூடாதே என்று தீக்குச்சி முனையில் சந்தனம் தொட்டு, மேலே குங்குமம் வைத்தேன். பன்னிரண்டுக்கும்.

"திருக்கோவிலூர் வழியா சாயங்காலம் ஒரு வேன் போவுதாம்மா," என்றபடி உள்ளே வந்தவள் பூஜைப் பலகையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"தொடச்சிடலாமாடி?"

"தொடச்சா படலமும் சேந்து வந்துரும்மா. இப்பிடியே அளக்கவும் முடியாது."

"வேற செஞ்சிக்கக் கூடாதா?"

"படலம் போடற மிஷினு ரிப்பேரு. ஆறு மாசம் ஆவும்னு சொல்லிட்டாங்க."

திட்டவில்லை, அழவில்லை. பெட்டியை மூடினாள். வேன் அவளில்லாமல் போனது. உதவித்தொகையும் நின்றது. இன்று ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறாள். ஆயுத பூஜைக்கு வருவாள், சாப்பிடுவாள். தன் கைப்பையை மட்டும் மடியிலிருந்து இறக்க மாட்டாள்.

அந்தப் பெட்டி இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. ஒவ்வொரு பொட்டுக்கும் "இவளுக்கு நல்லது நடக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டேதான் வைத்தேன். அதன்பிறகு அவளுக்காக வேண்டிக்கொள்ளக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது.