மழை கேட்ட பேச்சாளர்

எழுபதுகளில் மரக்காணத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். மைக்கைப் பிடித்தால் விடாதவர்களையே பார்த்துப் பார்த்து, பேச்சு என்றாலே எனக்கு அலுப்பு. ஒருமுறை உப்பளத் தொழிலாளர் கூட்டத்துக்கு, மனச்சோர்வு போகப் பேசுகிறவர் என்று ஒருவரை அழைத்து வந்தார்கள். ஒல்லியான ஆள். யார் பேசினாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்.

எடுத்த எடுப்பிலேயே, "உங்க வாழ்க்கையில நல்ல மழை பெய்யட்டும்!" என்றார். உப்பு விளைகிற ஊரில் மழையா! கூட்டம் முகம் சுளித்தது.

முன்னால் இருந்த ஓர் அம்மாள் எழுந்தார். "மழை வேணாங்க. போன மழையில பாத்தி உப்பு மொத்தமும் கரைஞ்சிபோச்சு. கடல்ல எறங்கிடலாம்னு போயி, பயந்து திரும்பி வந்தேன்."

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே அது தெரியாது.

பேச்சாளர் கண்ணாடியைக் கழற்றினார். மேடையை விட்டு இறங்கி, மைக்கை அந்த அம்மாளிடம் கொடுத்தார். அடக்கி வைத்ததையெல்லாம் அந்த அம்மாள் சொல்லி முடிக்கும்வரை நின்றே கேட்டார். மைக் ஒயர் இழுபடாமல் நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தப்பா சொல்லிட்டேம்மா, மன்னிச்சுக்குங்க" என்றவர், கூட்டத்தைப் பார்த்து, "அடுத்த மழைக்கு இவங்க வீட்டுக்கு யார் யார் போவீங்க?" என்று கேட்டார்.

ஒவ்வொரு கையாக உயர்ந்தது.

"நான் பேச வந்தது அவ்வளவுதாங்க" என்று கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டார்.

அடுத்த மழையில் அந்த அம்மாள் வீட்டுக்குள் உட்கார இடமில்லை. நான் வாசலில் நனைந்துகொண்டு நின்றேன்.