புஸைனா மதினியின் சிவப்புச் செடி

என் மூத்த மதினி புஸைனா எந்தக் குச்சியை மண்ணில் செருகினாலும் துளிர்க்கும். அம்மானில் எங்கள் தெருவில் யார் வீட்டுப் புதினா வாடினாலும் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். அவளும் வாங்கிக்கொண்டு, "இப்படியா தண்ணி ஊத்துவாங்க?" என்று நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் பிழைக்க வைத்துத் தருவாள்.

மகன் ஷாகிர் படிக்க வெளிநாடு போனபோது அவனுடைய மீன் தொட்டி அவள் தலையில் விழுந்தது. உள்ளே நாலு பிளாஸ்டிக் செடிகள். அவற்றைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். "என் வீட்டுல பொய்ச் செடியா?" பறவைச் சந்தையில் மீன் விற்கும் அபூ காலிப் கடையிலிருந்து சிவப்பு இலைச் செடி ஒரு கொத்து வாங்கி வந்து, கணுவுக்குக் கீழே வெட்டி, துண்டு துண்டாகக் கூழாங்கற்களில் நட்டாள். இரண்டு மாதத்தில் தொட்டி நிறைந்துவிடும் என்று எல்லாரிடமும் சொன்னாள்.

மறுநாள் காலையில் பாதி மேலே மிதந்தது. மறுபடி நட்டாள். மீன்கள் கிளறின. மறுபடி நட்டாள். அந்த வாரக் கடைசியில் தண்டுகள் குழகுழவென்று கரைந்தன. என் அண்ணன் ஃபவ்வாஸ் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தான்.

"என்னடி, மீனுக்கு முலூக்கிய்யா கீரை சமைச்சு வச்சிருக்கியா? சோறு வடிக்கட்டுமா?"

அடுத்த தடவை தடித்த வேர்க்கிழங்கு உள்ள செடியை வாங்கிக் கிழங்கை நன்றாகப் புதைத்தாள். அது அழுகிக் கூடம் முழுக்க நாறியது. கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "கிழங்கைப் புதைக்கக் கூடாது, ஷாகிர் அம்மா! கல்லுல நூலால கட்டுங்க. வேர் தானாப் பிடிச்சுக்கும்." கட்டினாள். ஒரே ஒரு புது இலை விட்டது. அதையும் கறுப்புப் பாசி மூடியது.

இதைவிட அவளை எரித்தது கீழ் வீடு. என் தம்பி மனைவி சுஹைரும் ஒரு தொட்டி வைத்திருந்தாள். அதே மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர், அதே கடைச் செடி. அவளுடையது மட்டும் சிவப்பும் பச்சையுமாக மண்டிக் கிடந்தது. விருந்தாளிகள் எல்லாரும் அதன் முன்னால்தான் உட்காருவார்கள்.

"எல்லாம் கைராசிதான் அக்கா," என்பாள் சுஹைர், தேநீரை நீட்டிக்கொண்டே.

மண் செடிக்கெல்லாம் ராணியாக இருந்தவளுக்கு அந்த வார்த்தை எப்படி இருந்திருக்கும்! கீழிருந்து துண்டு கேட்டு வாங்கி நட்டாள். செத்தது. கீழ்த் தொட்டித் தண்ணீரையே வாளியில் தூக்கிவந்து ஊற்றினாள். அதுவும் பலிக்கவில்லை. விளக்கை மாற்றினாள், ஜன்னலுக்குத் திரை போட்டாள், புருஷன் தொட்டிப் பக்கம் வந்தால் கத்தினாள். "என்கிட்டதான் ஏதோ கோளாறு," என்று ஒருநாள் என் வீட்டில் வந்து அழுதாள். ஒரு செடிக்காக அழுகிறாளே என்று சிரிக்கத் தோன்றியது. முகத்தைப் பார்த்தபின் சிரிப்பு வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவளோடு நானும் சந்தைக்குப் போனேன். அபூ காலிப் ஒரு பெரிய பையை அவளிடம் நீட்டினார்.

"உங்க ஓரகத்தி கேட்டது. வழக்கமா அவங்களே வந்து வாங்கிக்குவாங்க. போற வழியில குடுத்துருங்களேன்."

"வழக்கமாவா?"

"மாசாமாசம்மா. பழசு கரைஞ்சதும் புதுசு. நம்ம தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி, இந்தச் சிவப்பு தாங்காது. அவங்க சொல்லலையா?"

மதினியின் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தாள். சுஹைர் கதவைத் திறந்ததும் அதை அவள் காலடியில் போட்டாள்.

"இந்தா, உன் கைராசி!"

சுஹைர் குனிந்து பையைப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் கோபம் வந்தது. "நான் மட்டும் என்ன செய்யறது? என் பால்கனியில துளசி பட்டுப்போனப்ப மாமியார் முன்னாடி என்ன சொன்னீங்க? 'இவ கை பட்டா கல்லும் காஞ்சுபோகும்'னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. முதல் செடி அழுகினப்ப திரும்ப அதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல. போய் வாங்கிட்டு வந்தேன். அப்புறம் நிறுத்த முடியல."

"அதுக்காக என்னைப் பைத்தியமா அலைய விட்டியா?"

"நீங்க அலையறதைப் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

இருவரும் பல வாரம் பேசிக்கொள்ளவில்லை. மாடிப்படியில் ஒருத்தி வந்தால் மற்றவள் திரும்பிவிடுவாள். கடைசியில் சுஹைர் அந்தப் பையின் அடியில் ஒட்டியிருந்த புல் போன்ற ஒரு நீளச் செடியை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேல் வீட்டு வாசலில் நின்றாள். வேண்டாத களை என்று தொட்டியின் மூலையில் எறிந்திருந்தாளாம். அது மட்டும் ஒரு கொடியை ஓடவிட்டு, நுனியில் குட்டிச் செடி போட்டிருந்தது.

"இது நிஜமாவே தானா வந்தது அக்கா. நம்புனா நம்புங்க."

புஸைனா வாங்கி நட்டாள். எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் அதற்குத் தேனாக இருந்திருக்க வேண்டும். கொடிக்குக் கொடி குட்டி, குட்டிக்குக் குட்டி. குட்டியை வெட்டி வேறு இடத்தில் வைத்தால் அங்கேயும் அதே கதை. கோடை முடிவதற்குள் தொட்டியில் மீனைத் தேட வேண்டியிருந்தது. இலைகள் மேலே பாய் விரித்து வெளிச்சத்தை மறைத்தன. அவளுக்குச் சந்தோஷமா என்றால், அதுவும் இல்லை.

"நான் கேட்டது சிவப்பு," என்றாள், முழங்கை வரை தண்ணீரில் விட்டுப் புல்லைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டே. "கேட்டது வராது. கேக்காதது கழுத்தை நெரிக்குது."

பிடுங்கிய புல்லைச் சும்மா தந்தால்கூடத் தெருவில் வாங்க ஆளில்லை. அபூ காலிப் மட்டும் எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஒரு சிவப்புக் கொத்து தருகிறார். அதை இப்போது இருவரும் பாதிப்பாதியாகப் பிரித்து நடுகிறார்கள். மேலேயும் அழுகுகிறது, கீழேயும் அழுகுகிறது. யாருடையது முதலில் போகும் என்பதில்தான் இப்போது சண்டை.