கேட் டிவியில் ஜாதகக் கட்டம்

என் விசிட்டிங் கார்டில் ‘நவ்ரீன், மென்பொருள் பிரிவுத் தலைவர்’ என்று போட்டிருக்கும். பிரிவில் மொத்தம் ஒரே ஆள். தலைவியும் நான்தான், தொண்டரும் நான்தான். ஏசி ஓடவில்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதும் நான்தான். ஆனாலும் கொருக்குப்பேட்டையில் எங்கள் அத்தா அந்தக் கார்டைத் தெருவில் பாதிப் பேருக்குக் கொடுத்து முடித்துவிட்டார். அதைப் பார்த்து இரண்டு பேர் மிக்ஸி ரிப்பேருக்கு வந்தார்கள்.

நான் வேலை பார்ப்பது திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில். முதலாளி தேவப்பிரியம் சார், தூத்துக்குடிக்காரர். வெளியே வரிசையில் நிற்கும் டிரெய்லர்களில் அடுத்து உள்ளே வரவேண்டியது எது என்று கேட்டில் ஒரு பெரிய டிவி சொல்லும். அதைச் சொல்லவைக்கும் மென்பொருள் என்னுடையது. சொன்னது முழுக்க இங்கிலீஷில். அதனால் டிரைவர்கள் டிவியை விட்டுவிட்டு செக்யூரிட்டி ஜெயவேலின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தமிழ், தெலுங்கு, ஹிந்தி, ஒடியா. அவங்கவங்க பாஷையில அவங்கவங்க பேரோட வரணும்மா. எத்தனை நாளாகும்?” என்றார் சார்.

“ஒரு வாரம் சார்.”

நான்கு மாதம் ஆனது.

முதல் வாரமே என் லேப்டாப்பில் நான்கு மொழியும் பளிச்சென்று வந்துவிட்டது. சாருக்குக் காட்டினேன், கை கொடுத்தார். மறுநாள் கேட் டிவியில் ஏற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்ததுதான் தாமதம், ஜெயவேல் போன் செய்தார்.

“மேடம், இன்னா இது, டிவி ஃபுல்லா கட்டம் கட்டமா கீது? ஜாதகமா?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு காலிக் கட்டம். என் லேப்டாப்பில் எல்லா எழுத்துருவும் இருந்தன. டிவிக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பெட்டியில் இங்கிலீஷைத் தவிர ஒன்றுமே இல்லை. அதை யோசிக்கவே மறந்திருந்தேன். கீழே நின்ற டிரைவர்களில் ஒருவர், “மேடம், எனக்குச் சனி எந்தக் கட்டத்துல?” என்று கேட்டார். இரண்டு நாள் கேட் பக்கமே நான் போகவில்லை.

எழுத்துருக்களை அந்தப் பெட்டிக்குள்ளேயே போட்டேன். கட்டங்கள் போயின. அடுத்து முப்பிடாதி அண்ணன் வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், இருபது வருஷமாக டிரெய்லர் ஓட்டுகிறவர். அலுவலகக் கதவைத் தட்டி, போனில் எடுத்த படத்தைக் காட்டினார்.

“ஏம்மா, இது யாரு, மபபடாத?”

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. வரியின் உயரத்தை இங்கிலீஷுக்கு அளந்து வைத்திருந்தேன். அதற்கு மேலே போன புள்ளியும் ‘பி’, ‘தி’யின் வளைவும் வெட்டுப்பட்டுவிட்டன, கீழே இறங்கிய ‘மு’வின் வாலும் போய்விட்டது.

“இது எங்க அம்மன் பேரு. தலையையும் வெட்டி காலையும் வெட்டிப் போட்டிருக்க. அவ சும்மா விடமாட்டா, பாத்துக்க.”

வரியின் உயரத்தைக் கூட்டினேன். அம்மனுக்குப் பயந்தா, அண்ணனுக்குப் பயந்தா தெரியவில்லை, தேவைக்கு மேல் இரண்டு மடங்காகக் கூட்டிவிட்டேன். டிவியில் எட்டு வண்டி தெரிந்த இடத்தில் மூன்றுதான் தெரிந்தது. மறுபடி குறைத்தேன்.

இனி பிரச்சினையில்லை என்று நினைத்தேன். தமிழ் எனக்குப் படிக்கத் தெரியும். ஹிந்தி தட்டுத்தடுமாறி வரும். தெலுங்கும் ஒடியாவும் தெரியாது. இரண்டும் பார்க்க உருண்டையாக இருந்தன. உருண்டையாகத் தெரிந்தால் சரி என்று டிக் போட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பு சிறுசேரியில் வேலை பார்த்தபோது, தமிழ் எழுத்தை ஜிலேபி என்று சொன்ன வடக்கத்திப் பையன் ஒருவனை கேன்டீனில் நிற்கவைத்துப் பத்து நிமிஷம் திட்டியிருக்கிறேன். அவன் சாப்பாடு ஆறிப்போனது. அந்த நான்தான் இந்த டிக்கைப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து சார் கூப்பிட்டார். அவர் அறையில் சுதாம் பெஹரா என்ற ஒடிசா டிரைவர் நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் தன் முறை வந்ததே தெரியாமல் வெயிலில் ஆறு மணிநேரம் வெளியே காத்திருந்தவர். அவர் கொண்டுவந்த கன்டெய்னரும் அன்றைக்கு உள்ளே போகவில்லை. அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஜெயவேல்.

“மேடம், அது ஒடியா இல்ல. தெலுங்கு கீது. யாரோ தெலுங்குக்காரரைக் கூப்புடுதுன்னு நான் குந்திகினு கீறேன்.”

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். ஒடியாவுக்குக் கோப்பு தயாரிக்கும்போது தெலுங்குக் கோப்பை நகலெடுத்து, சொற்களை மாற்றாமலே விட்டிருந்தேன். அதனால் அவர் பெயரும் தெலுங்கு எழுத்திலேயே வந்திருக்கிறது.

“மூணு வாரமா ஏன் யாருமே சொல்லல?”

“சொன்னோம் மேடம். ஜெயவேல் அண்ணன்தான், மேடம் பெரிய படிப்பு, தப்பு பண்ணாது, உனக்குத்தான் படிக்கத் தெரியலன்னாரு.”

சார் என்னைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

பெஹராவிடம் மன்னிப்புக் கேட்டேன். என் நாற்காலியிலேயே உட்காரவைத்து, ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னேன். சொற்களை அவரே சொல்லச் சொல்லப் போட்டேன். ஓரிடத்தில் கூட்டெழுத்து ஒன்று இரண்டாகப் பிரிந்து நின்றது. நான் எப்படிப் பார்த்தும் எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. அவர் கேட் பாஸின் பின்பக்கத்தில் சரியான உருவத்தை வரைந்து காட்டினார். எழுத்துருவை மாற்றியதும் சேர்ந்துகொண்டது. பிறகு தெலுங்குக்கும் ஹிந்திக்கும் ஆள் தேடிப் படிக்கவைத்தேன். தெலுங்கில் எழுத்துப் பிழையில்லை, ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் கூப்பிடுவதுபோல இருக்கிறது என்றார் நெல்லூர்க்காரர். அதையும் மாற்றினேன்.

அடுத்த வாரம் பெஹரா வந்தபோது நான் கேட்டில் நின்றிருந்தேன். டிவியில் அவர் பெயர் வந்தது. நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார், இன்னொருமுறை பார்த்தார், பிறகு வண்டியை எடுத்து உள்ளே போனார். என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பியிருந்தால் எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

ஜெயவேலுக்குக் கத்துகிற வேலை குறைந்துவிட்டது. “தொண்டை துருப்புடிக்குது மேடம்” என்கிறார்.

போன மாதம் சார் எண்ணூர் யார்டுக்கும் இதைப் போடச் சொன்னார். கூடுதலாக வங்காள மொழியும் வேண்டுமாம்.

“எத்தனை நாள்?”

ஒரு வாரம் என்று வாய்வரை வந்துவிட்டது. வங்காள எழுத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், மேலே ஒரு கோடு இருக்கும் என்பதுதான்.

“முதல்ல ஒரு வங்காளி டிரைவரைக் காட்டுங்க சார். அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.”