நான் திறந்து காட்டாத பக்கம்

கோவிட் ஊரடங்கெல்லாம் முடிந்து, பிள்ளைகள் மறுபடி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதற்கு மறு வருடம் அது. நாங்கள் மலேசியாவின் ஜார்ஜ் டவுனில், ஜெலுத்தோங் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் மகளைத் தினமும் காலையில் பள்ளிக்கு ஏற்றிப்போனவர் ஒரு வேன் அக்கா. அவர் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் புளோக்கில் எல்லாரும் அவரை ‘வேன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம்.

ஐம்பத்து மூன்று வயது. தனியாள். வேனைத் தவிர வேறு சொத்து கிடையாது. பிள்ளைகள் சத்தம் போட்டால் ஒரு அதட்டல், யாருக்காவது காய்ச்சல் என்றால் வாசல் வரை தூக்கிக்கொண்டு வந்து விடுவார். ஊரடங்கில் வேன் ஓடாமல் நின்ற மாதங்களில் வீட்டிலேயே தேங்காய்ப்பால் சோற்று நாசி லெமாக் பொட்டலம் கட்டி விற்றுச் சமாளித்தார். அப்போதும் ஒரு பணத்தை மட்டும் அவர் தொடவில்லை. புது வேன் வாங்கச் சேர்த்து வைத்திருந்த நாற்பதாயிரம் வெள்ளி. பழைய வேனுக்கு இன்னும் இரண்டு வருடம்தான் பெர்மிட் கிடைக்கும், அதற்குள் வேறு வாங்கியாக வேண்டும் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆகவே, எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது.

அந்தச் சமயத்தில்தான் நான் பகுதிநேரமாக யூனிட் டிரஸ்ட் விற்கும் ஏஜென்ட் ஆகியிருந்தேன். பலருடைய பணத்தை ஒன்றாகச் சேர்த்துப் பங்குகளில் போடும் திட்டம் அது. பகலில் ஒரு கிளினிக்கில் கிளார்க் வேலை, சனிக்கிழமைகளில் இது. பரீட்சை எழுதிப் பாஸ் செய்திருந்தேன். பெயர் அட்டை அடித்து வைத்திருந்தேன். ஆளைப் பிடிக்கத்தான் வழி தெரியவில்லை. எங்கள் டீம் லீடர் ஒரு வழி சொன்னார். “மூணு வருஷ கிராஃப் இருக்கில்ல, அந்தப் பக்கத்தை மட்டும் தொறந்து காட்டுங்க. மத்தது தானா நடக்கும்.”

அந்தக் கிராஃபைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். இடது மூலையில் கீழே தொடங்கி, மலை ஏறுகிற மாதிரி மேலே போகும் நீலக் கோடு. எனக்கே பெருமையாக இருந்தது, ஏதோ நானே ஏற்றிவிட்டது போல.

ஒரு சனிக்கிழமை வேன் அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். தேநீர் கொடுத்து, சாப்பாட்டு மேசையில் அந்தப் பக்கத்தை விரித்தேன். பணத்தை வங்கியில் பிக்ஸட் டெபாசிட்டில் போட்டுத் தூங்க வைத்திருக்கிறீர்களே, இதில் போட்டால் இரண்டு வருடத்தில் வேன் என்ன, வேனோடு கொஞ்சம் மிச்சமும் பார்க்கலாம் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பிறகு கோடு தொடங்கும் இடத்தில் விரலை வைத்தார்.

“இது ஏன் தங்கச்சி இங்கேருந்து ஆரம்பிக்குது? இதுக்கு முன்னால இந்த ஃபண்டு இல்லையா?”

“இருந்துச்சுக்கா. இந்தப் பக்கத்துல மூணு வருஷந்தான் போட்ருக்காங்க.”

“முன்னால எப்படி ஓடுச்சு?”

“நல்லாத்தான் ஓடியிருக்கும்கா.”

ஓடியிருக்கும் என்றேன். ஓடியது என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தே இருந்தது.

அவர் விரல் பக்கத்தின் அடிக்கு இறங்கியது. “கீழ பொடி எழுத்துல என்னமோ இங்கிலீஷ்ல போட்ருக்கே?”

“முன்னால கெடச்ச லாபம் இனிமேலும் கெடைக்கும்னு உறுதி இல்லைன்னு போட்ருக்கு. சட்டத்துக்காக எல்லாத்துலயும் போடுறதுதான்கா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “நீ சொன்னா சரி தங்கச்சி” என்றார். மறுவாரமே டெபாசிட்டை உடைத்துக் கையெழுத்துப் போட்டார். என் சொந்தச் சேமிப்பு அப்போதும் பிக்ஸட் டெபாசிட்டில்தான் இருந்தது. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாற்பதாயிரத்தில் இரண்டாயிரம் நுழைவுக் கட்டணமாக முதல் நாளே போய்விட்டது. அதில் என் பங்கு ஆயிரத்துச் சொச்சம். மகளுக்கு ஒரு சைக்கிள் வாங்கினேன்.

நாலைந்து மாதம் கோடு அசையாமல் நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. வேன் அக்கா காலையில் மகளை ஏற்றும்போது ஜன்னல் வழியாகக் கேட்பார், “எப்படித் தங்கச்சி போகுது?” நான், “சந்தை கொஞ்சம் டவுன்கா, பொறுங்க, இதெல்லாம் நீண்ட காலத்துக்குப் போடுறது” என்பேன். இரண்டே வருடம் கையிலிருந்த ஒருவரிடம்தான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாளாக ஆக, வேன் வரும் நேரத்துக்கு மகளை மட்டும் கீழே அனுப்பிவிட்டு நான் மேலேயே நின்றுகொள்ள ஆரம்பித்தேன்.

இரண்டு வருடம் முடிந்தபோது அவர் பணத்தை எடுத்தார். இருபத்தேழாயிரம் வந்தது. அவர் பார்த்து வைத்திருந்த வேனுக்கு அது போதவில்லை. சம்பளச் சீட்டு இல்லாத ஆளுக்கு, அந்த வயதில், மீதிக்குக் கடன் கொடுக்கவும் யாரும் தயாராக இல்லை. பழைய வேன் இரும்புக் கடைக்குப் போனது. கடைசி நாள் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஏறி இறங்கி, திங்கட்கிழமையிலிருந்து வேறு வேன் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். வாசலில் நின்று என் மகளின் கன்னத்தைத் தடவி, “ஹோம்வொர்க்க வண்டியில எழுதாத, வீட்டுலயே எழுதிட்டுப் போ” என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த வாரம்தான் அந்த ஃபண்டின் முழு ஆண்டறிக்கையை முதல் தடவையாகத் திறந்து படித்தேன். விற்பதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியது. பத்து வருடக் கணக்கு ஒரே அட்டவணையில் இருந்தது. நான் காட்டிய நீலக் கோடு, ஊரடங்கில் சந்தை விழுந்து கிடந்த அடிமட்டத்திலிருந்து தொடங்கியிருந்தது. அங்கிருந்து அளந்தால் எந்த ஃபண்டும் மலை ஏறியது போலத்தான் தெரியும். அதே மூன்று வருடங்களில் மொத்தச் சந்தையும் ஏறியிருந்தது. இந்த ஃபண்டு அந்த அளவுக்குக்கூட ஏறவில்லை. அதற்கு முந்தைய வருடங்கள் பலவற்றில் அது தந்தது டெபாசிட் வட்டியை விடக் குறைவு. மூன்று வருட லாபத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு வருடத்தில் வந்தது. அந்த வருடம் ஃபண்டை நடத்திய மேனேஜரும் விலகிப்போய், நான் விற்கும்போது வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். ஒளித்து வைத்தது ஒன்றுமே இல்லை. எல்லாம் அச்சில் இருந்தது. படிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்த வேலையை விட்டேன். சில மாதம் கழித்து, வேன் அக்கா எங்கள் தீவுக்கு அக்கரையில், ஜுருவில் ஒரு தொழிற்சாலைக்குப் பஸ் ஓட்டுகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எனக்குக் கிடைத்த கமிஷன் அளவுக்குப் பணத்தைக் கவரில் போட்டுக்கொண்டு, பாலம் தாண்டிப் போனேன். மத்தியான ஷிப்டு மாறும் நேரம். பஸ்ஸின் படியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார்.

கவரை நீட்டினேன். “என்னா இது?” என்றார்.

“உங்க பணத்துல எனக்குக் கெடச்ச கமிஷன்கா.”

வேண்டாம் என்பார், நான் வற்புறுத்துவேன், இரண்டு பேரும் அழுவோம் என்றெல்லாம் வழி நெடுகக் கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். அவர் இடது கையால் வாங்கினார்.

“அப்ப என் காசுதான” என்று சொல்லி பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் அழுதேன். மன்னிச்சுக்குங்கக்கா என்றேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

“புகார் குடுக்கச் சொல்லி ஒருத்தர் சொன்னாரு. யோசிச்சுப் பார்த்தேன். என்னான்னு குடுக்குறது? நீதான் பொய்யே சொல்லலையே.”

பிறகு பஸ்ஸில் ஏறி எஞ்சினைப் போட்டார். “ஆளுங்க வந்துட்டாங்க. நீ கெளம்பு. இனிமே இங்க வராத தங்கச்சி” என்றார்.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. இப்போதும் யாராவது கைப்பேசியில் ஒரு ஃபண்டின் கிராஃபைக் காட்டி, போடலாமா என்று கேட்டால், மொத்த வருடங்களையும் பார், சந்தையோடு ஒப்பிட்டுப் பார், யார் நடத்துகிறார்கள் என்று பார் என்று மணிக்கணக்கில் விளக்குகிறேன். கேட்பவர்கள் என்னை விவரமானவள் என்கிறார்கள். எனக்கு அது ஒட்டுவதில்லை. ஆளை ஏமாற்றத் தெரியாதவள் என்றுதான் நாற்பது வருடமாக என்னைப் பற்றி நினைத்திருந்தேன். ஒரு பொய்கூடச் சொல்லாமல், சரியான எண்களை மட்டுமே காட்டி ஒருவரின் பிழைப்பைப் பறிக்க என்னால் முடிந்தது என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.