இரண்டு தட்டினால் போகலாம்

ஏப்ரல் மாதக் கொப்பியில் ஒரு கிழமைக்கு, அந்த ஏழு நாளுக்கு மட்டும், பக்கங்கள் வேறு மாதிரி இருக்கின்றன. வழக்கமாக நேரம், வானிலை, சாப்பாடு என்று மூன்று பத்திகள் கீறுவேன். அந்தக் கிழமை நான்காவதாக ‘காரணம்’ என்றொரு பத்தி. கிரேக்கத் தீவுகளுக்கு நடுவே ஒரு பாய்ப்படகில் இருந்து கீறிய கோடுகள் என்பதால், அடிமட்டம் வைத்தும் கொஞ்சம் கோணல்.

படகில் நாங்கள் மூன்று பெண்கள். கண்டியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மூவருக்கும் ஐம்பத்திரண்டு வயது. நான் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறேன், நகரத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிப்பது வேலை. இரண்டாமவள் பக்கத்து ஊரான மடவளைக்காரி, கணவனோடு சேர்ந்து துணிக்கடை நடத்துகிறாள். மூன்றாமவளின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வேலை மாற்றத்தில் கண்டிக்கு வந்தவர். அவள் ஏழு வருடம் எங்களோடு படித்துவிட்டு ஜெர்மனிக்குப் போனாள். நாற்பது வயதுக்குப் பிறகு அங்கே பாய்ப்படகு ஓட்டப் பழகி, அனுமதிப்பத்திரமும் எடுத்தாள். இனி அவளைக் கப்பல்காரி என்றே எழுதுகிறேன். அந்தப் பட்டத்தைக் கொடுத்தவள் மடவளைக்காரி.

போன டிசம்பரில் கப்பல்காரி விடுமுறைக்கு வந்தபோது என் வீட்டு முன்னறையில் தேநீர் குடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

“வசந்த காலத்தில ஒரு கிழமை. படகு நான் எடுக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் வந்தால் போதும்.”

“எங்களுக்கு நீந்தவே தெரியாதே,” என்றேன்.

“எனக்குப் படகு நிப்பாட்டத் தெரியாது. அப்ப மூண்டு பேரும் சமம்தானே?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அது பகிடி இல்லை. கிரேக்கத்துச் சிறு துறைமுகங்களில் படகைப் பக்கவாட்டில் அணைக்க இடம் கிடைக்காது. முன்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, இரண்டு படகுகளுக்கு நடுவே பின்பக்கமாக நுழைந்து, பின்புறத்தைக் கரைக்குக் கொடுத்துக் கட்ட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி நுழையும்போது அவள் பக்கத்துப் படகின் கம்பியை வளைத்துவிட்டாள். கரையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று பார்த்திருக்கிறார்கள். கூடப் போன ஒருவர் அவள் கையிலிருந்து சுக்கானை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு எந்தப் பயணத்திலும் அவளிடம் அது திரும்பி வரவில்லை.

“இப்ப நான் சமைக்கிற ஆள்,” என்றாள். “உங்களுக்குப் படகு ஓடத் தெரியாது. அதால சுக்கானைப் பறிக்க மாட்டியள்.”

மடவளைக்காரி பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தாள். “மீன் கிடைக்கும்தானே?”

“ஓம், தாராளமா.”

“அப்ப நான் ரெடி. எங்கட அவர்ட்ட நான் கேக்கப் போறதில்ல, செல்லப் போறேன்.” சொல்வதைச் ‘செல்வது’ என்பது அவளுடைய ஊர்ப் பேச்சு.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை பகல் ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகத்தில் படகை எடுத்தோம். முப்பத்துநான்கு அடி, இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை. வாடகைக்குக் கொடுத்த கம்பனிக்காரர், தாடி வைத்த ஒரு பெரிய மனிதர், அடுத்த வெள்ளி மாலை ஆறு மணிக்குள் இதே இடத்தில் பின்பக்கமாக வந்து நிறுத்த வேண்டும் என்றார். கஷ்டமென்றால் தானே படகில் ஏறி நிறுத்தித் தருவதாகவும் சொன்னார். கப்பல்காரி உடனே, “வாருங்கள், வாருங்கள், அதுதான் நல்லது,” என்றாள். சொல்லிவிட்டு எங்களைப் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டினாள்.

திறந்த கடலில் அவள் வேறு ஆள். பாயை ஏற்றி எஞ்சினை நிறுத்தியதும் படகு ஒரு பக்கம் சாய்ந்து சத்தமில்லாமல் போகத் தொடங்கியது. அந்தச் சத்தமின்மையை நான் நேரத்தோடு குறித்திருக்கிறேன்: 2.40. அவள் காலை அகட்டி நின்று, கன்னத்தில் காற்றைப் பார்த்து, சுக்கானை இரண்டு விரலால் பிடித்திருந்தாள். மடவளைக்காரி கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முதல் ஒரு மணி நேரம் குர்ஆன் ஓதினாள். பிறகு பழகிவிட்டது. “அக்குரணை ரோட்டு வளைவ விட இது பரவால்ல,” என்று சொல்லி வெங்காயம் உரிக்கப் போனாள்.

வசந்தம் என்பது எங்களுக்குப் பாடப் புத்தகத்தில் இருந்த சொல். கண்டியில் ஏப்ரல் என்றால் காலையில் வெயில், பின்னேரம் இடியோடு மழை. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே குளிர்ந்தது. நுவரெலியாவுக்கென்று வாங்கிய இரண்டு ஸ்வெட்டரையும் ஒன்றாகப் போட்டேன். ஈஜினாத் தீவின் கற்களுக்கு நடுவே மெல்லிய சிவப்புப் பூக்கள். தொட்டால் இதழ் கையோடு வந்துவிடும். தண்ணீரில் கால் வைத்தால் எலும்பு வரை உறைந்தது. மீனவரிடம் வாங்கிய சின்ன மீன்களை மடவளைக்காரி வீட்டிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த் தூளும் புளிப்புக்குக் கோரக்காயும் போட்டுச் சமைத்தாள். மூன்று நாள் ஒரே மீன், மூன்று நாளும் மிச்சம் வரவில்லை. நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றுக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும் என்பதால், அவள் மக்கா இருக்கும் திசையை, கிப்லாவை, பார்த்துத் தொழத் தொடங்கினால் முடிக்கும்போது படகு வேறு பக்கம் பார்த்திருக்கும். “என்ட மனசில உள்ள நிய்யத்து சரி. படகுக்குத்தான் இல்ல,” என்பாள்.

எல்லாம் நன்றாகவே இருந்தது, துறைமுகத்தைத் தவிர. சனி மாலை ஈஜினாத் துறைமுகத்தை நெருங்கியபோது, இன்றைக்கு நெரிசலாக இருக்கும் என்று சொல்லித் தெற்கே ஒரு குடாவுக்குக் கொண்டுபோனாள். ஞாயிறு, காற்று மாறப்போகிறது என்றாள். காற்று மாறவில்லை. திங்கள், குடாவில் தண்ணீர் தெளிவு, துறைமுகத்தில் எண்ணெய் மிதக்கும் என்றாள். நான்காவது பத்தி இப்படித்தான் வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, எழுதினேன், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை அவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“உது என்ன காரணம்?”

“நீ சொன்னதுதான்.”

வாசித்தாள். “உன்னோட கடலுக்கு வந்ததே பிழை,” என்றாள். கோபம் இல்லை. ஆனால் அன்றைக்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

புதன் காலை தண்ணீர்த் தாங்கி காலியானது. கரையில் கட்டினால்தான் குழாய் கிடைக்கும். போரோஸ் தீவின் துறைமுகம் எதிரே இருந்தது. நீளமான கரை, மேலே மணிக்கூட்டுக் கோபுரம், இரண்டு படகுகளுக்கு நடுவே நல்ல இடைவெளி. கப்பல்காரி உதட்டைக் கடித்துக்கொண்டு சரி என்றாள். நங்கூரத்தை இறக்குவது மடவளைக்காரி. பின்னால் நின்று கரைக்கு எவ்வளவு தூரம் என்று சொல்வது நான். அளவு என்றால் நான்தானே.

“பன்னிரண்டு மீட்டர். இடது பக்கம் இரண்டரை, வலது மூன்று. பத்து. இடது இரண்டு, இல்லை, ஒன்று தசம் எட்டு. எட்டரை. இடது ஒன்றரை. ஏழு...”

எல்லாம் சரியான அளவுகள். இன்றைக்கும் அதை உறுதியாகச் சொல்வேன். ஆனால் நான் ஒரு எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் படகு அடுத்த எண்ணில் இருந்தது. பக்கக் காற்று முன்பகுதியைத் தள்ளியது. கரையில் இருந்து இரண்டு பேர் கையை ஆட்டி என்னென்னவோ கத்தினார்கள். திரும்பிப் பார்த்தேன், கப்பல்காரி சுக்கானைப் பிடித்தபடி எங்கேயும் பார்க்காமல் நின்றாள். பிறகு எஞ்சினை முன்னுக்குத் தள்ளி, வெளியே கொண்டுவந்து, எதிர்க் குடாவில் நங்கூரம் போட்டாள்.

ரப்பர் தோணியில் ஐந்து லீட்டர் கேன்களில் தண்ணீர் அள்ளினோம், நானும் மடவளைக்காரியும், நாலு தரம். திரும்பி வந்தபோது அவள் தோடம்பழம் உரித்து மூன்று தட்டில் வைத்திருந்தாள்.

“வெள்ளிக்கிழமை அந்தாளே நிப்பாட்டட்டும்,” என்றாள். “நான் இனிமேல் படகு எடுக்கேல்ல. முடிஞ்சுது.”

“நான் பிழையாகச் சொன்னேனா?”

“இல்லையடி. நீ சொன்ன ஒவ்வொண்டும் சரி. ஆனா கேக்கக் கேக்கக் கணக்குப் பரீட்சை மாதிரிக் கிடந்தது. நான் படகைப் பாக்கிறதோ, கூட்டிக் கழிக்கிறதோ?”

மடவளைக்காரி தோடம்பழக் கொட்டையைக் கடலில் துப்பினாள். “குட்ஷெட்ல பஸ்ஸ பின்னுக்கு எடுக்கக்குள்ள எவன்டி மீட்டர் செல்ற?”

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

பாடசாலை விட்டு, குட்ஷெட் பஸ் நிலையத்தில் மடவளை பஸ்ஸுக்காக ஏழு வருடம் நின்றிருக்கிறோம். பஸ் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே பின்பக்கமாகத்தான் வரும். கண்டக்டர் பின்னால் நடந்தபடி உள்ளங்கையால் தகரத்தைத் தட்டிக்கொண்டே “எண்ட, எண்ட, எண்ட” என்று சிங்களத்தில் கூப்பிடுவார். வா, வா, வா. டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஓங்கி ஒரு தட்டு, நின்றுவிடும். ஆட்கள் ஏறிய பிறகு இரண்டு தட்டு, கிளம்பிவிடும். ஒன்றுக்கு நிற்பது, இரண்டுக்குப் போவது. எங்கள் நாட்டில் பஸ் ஏறிய எவருக்கும் இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

“அது பஸ்,” என்றாள் கப்பல்காரி.

“இதுவும் ஆக்கள ஏத்துறதுதானே. ஒழும்பு.”

வியாழக்கிழமை முழுவதும் ஆளில்லாத ஒரு குடாவில் பழகினோம். காற்றடைத்த ரப்பர் உருளைகள் இரண்டைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டு, அவற்றைப் பக்கத்துப் படகுகள் என்று வைத்துக்கொண்டோம். மடவளைக்காரி முக்காட்டை இறுக்கிக் கட்டி, உயிர்காப்பு அங்கியோடு பின்பக்கத்தில் நின்று, படகின் பக்கத்தில் உள்ளங்கையால் தட்டினாள். காற்று இடது பக்கம் தள்ளினால் இடது பக்கம் தட்டு, வலது பக்கம் தள்ளினால் வலது பக்கம். “எண்ட, எண்ட, எண்ட!” முதல் தரம் உருளையில் ஏறினோம். இரண்டாம் தரமும். நாலாவது தரத்தில் கப்பல்காரியின் தோள் இறங்கியதைக் கண்டேன். ஏழாவது தரம் அவள் சுக்கானை இரண்டு விரலால் பிடித்திருந்தாள். எனக்கு வாய் திறக்கத் தடை. கயிறு எறிவது மட்டும் என் வேலை. முப்பத்தொரு தரம் எறிந்தேன்.

வெள்ளி மாலை 5.20க்குத் துறைமுகத்துக்குள் வந்தோம். தாடிக்காரர் கரை நுனியில் தயாராக நின்றார். படகு பக்கத்தில் வந்ததும் ஏறுவதற்குக் காலைத் தூக்கினார். எங்கள் இடம் இரண்டு பெரிய வெள்ளைப் படகுகளுக்கு நடுவே இருந்தது. வியாழக்கிழமை உருளைகளுக்கு நடுவே விட்ட இடைவெளியை விட ஒரு மீட்டராவது குறைவு. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கப்பல்காரி அவருடைய காலைப் பார்த்தாள். பிறகு கையைக் காட்டி, “வேண்டாம், நன்றி. நானே வருகிறேன்,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். படகைத் திருப்பினாள்.

நங்கூரம் போட்டாயிற்று. மடவளைக்காரி பின்னுக்கு ஓடிவந்து தட்டத் தொடங்கினாள். “எண்ட, எண்ட!” பக்கத்துப் படகில் வைன் குடித்துக்கொண்டிருந்த தம்பதி கிளாஸைக் கீழே வைத்தார்கள். இடது பக்கம் தட்டு. முன்பகுதி நேரானது. “எண்ட, எண்ட, எண்ட...” கப்பல்காரி திரும்பிப் பார்க்கவில்லை. ஓங்கி ஒரு தட்டு. படகு நின்றது. நான் கயிற்றை எறிந்தேன். தாடிக்காரர் பிடித்துக் கட்டினார். கரைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு காலடி தூரம். எதிலும் படவில்லை.

தாடிக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே குனிந்து, எங்கள் படகின் பின்பக்கத்தில் அன்பாகத் தட்டினார்.

இரண்டு தட்டு.

கப்பல்காரியின் கை யோசிக்கவே இல்லை. எஞ்சினை முன்னுக்குத் தள்ளியது. படகு பாய்ந்தது, கயிறு விறைத்தது, நான் மடவளைக்காரியின் மேல் விழுந்தேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு, “அல்லாஹ்வே! நில்லுடி!” என்று கத்தி ஓங்கி ஒன்று போட்டாள். படகு நின்றது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் சிரித்தவள் கப்பல்காரிதான். சிரிப்பில் கால் மடங்கி, சுக்கானைப் பிடித்தபடியே கீழே இருந்துவிட்டாள். தாடிக்காரர் தான் என்ன பிழை செய்தார் என்று கேட்டார். நான் விளக்கப் பார்த்தேன். குட்ஷெட்டில் தொடங்க வேண்டியிருந்ததால் பாதியில் விட்டுவிட்டேன்.

சனி காலை ஒன்பது மணிக்குப் படகை ஒப்படைக்க வேண்டும். ஏழரைக்கு நான் பையை அடுக்கிக்கொண்டிருந்தபோது எஞ்சின் சத்தம் கேட்டது. மேலே வந்தேன். கப்பல்காரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கே போறோம்?”

“ஒரு இடமும் இல்லை. வெளியில போயிட்டு வாறம்.”

துறைமுக வாசல் வரை போய்த் திரும்பினோம். கடல் அசையாமல் இருந்தது. மடவளைக்காரி நங்கூரத்தை இறக்கிவிட்டு, தேநீர்க் கோப்பையோடு பின்பக்கத்துக்கு வந்து, மற்றக் கையை ஓங்கினாள். கப்பல்காரி பின்பக்கமாக எடுத்துக்கொண்டே, “நீ தேத்தண்ணியைக் குடி,” என்றாள்.

“அப்ப எனக்கு வேல இல்லையா?”

“இல்லை.”

மடவளைக்காரி முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தாள். ஆனால் ஓங்கிய கையை உடனே இறக்கவில்லை. தட்டு ஒன்றும் இல்லாமல் படகு உள்ளே வந்து, அதே ஒரு காலடி தூரத்தில் நின்றது. நேரம் 8.05. நான் கயிற்றை எறிவதற்கு முன் கப்பல்காரியே கரைக்குத் தாண்டிக் கட்டிவிட்டாள்.

கொப்பியை எடுத்தேன். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனையை நிறுத்தி அவளிடம் கேட்டேன்.

“சும்மா,” என்றாள்.

அப்படியே எழுதினேன்.