ஆரோக்கியக்குப்பம் டயானா பேசிய நாள்

டயானா தெருமுனையில் திரும்பும்போதே அவர் குரல் எங்கள் மூன்றாவது மாடிக்கு வந்துவிடும். "வஞ்சரம், சங்கரா, எறா..." என்று அவர் இழுக்கிற இழுப்பில் தொட்டில் குழந்தைகள் விழித்துக்கொள்வதாகச் சண்டைக்குப் போனவர்களும் உண்டு. அவர் அசரமாட்டார். "கொயந்தைய திரும்பத் தூங்க வச்சிக்கலாம். மீனு கெட்டுப்போச்சின்னா அவ்ளோதான்" என்பார். சாந்தோமுக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஆரோக்கியக்குப்பம் அவருடைய இடம். கணவர் ராபர்ட் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தலையில் அன்னக்கூடையோடு மந்தைவெளியையும் ராஜா அண்ணாமலைபுரத்தையும் சுற்றி வந்தவர் டயானா. அந்தக் குரல்தான் அவருக்குக் கடை.

சில வருஷங்களுக்கு முன்னால் அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டில் புற்றுநோய் என்றார்கள். கட்டி குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, முழுசாக எடுக்க வேண்டுமானால் நரம்பையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், அப்புறம் பழைய குரல் வராது என்று டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"எடுத்துடுங்க டாக்டர். எனக்கு ரெண்டு பொண்ணு கீது" என்றாராம் டயானா. ராபர்ட் பின்னால் சொன்னது.

அதற்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது காற்றோடு கலந்த ஒரு கிசுகிசுப்பு. பக்கத்தில் மிக்ஸி ஓடினால் அதுவும் கேட்காது. கூவ முடியாததால் படியேறி வந்து வீடு வீடாக மணியடிக்க ஆரம்பித்தார். கதவைத் திறப்பவர்கள் டிவியை அணைத்துவிட்டுக் கிட்டே வந்து குனிந்தால்தான் அவர் சொல்வது காதில் விழும். மீன் விலை கேட்கக் குனிந்தவர்கள் அப்படியே பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் முட்டிவலி என்று பேசிவிட்டுத்தான் நிமிர்ந்தார்கள்.

மீன் வாங்காத வீடு ஒன்றிலும் அவர் தினமும் நிற்பார். அது எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கும் ஜானு மாமியின் வீடு. டயானாவுக்கு அடிக்கடி தொண்டை வறளும். மாமி வெந்நீர் கொடுப்பார். "கூடையை மட்டும் கேட்டண்ட வெச்சுட்டு வாம்மா, எங்காத்து மாமாக்கு அந்த வாசனை ஒத்துக்காது" என்று சொல்லிக்கொண்டே ஆற்றித் தருவார். மாமியின் கணவர் ஸ்ரீனிவாசராகவன் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர்.

அந்த வீட்டு வாசலில்தான் டயானா செய்தியைக் கேட்டார். கழிமுகத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த நிலத்தில் குப்பையை எரிக்கும் ஆலை ஒன்று கட்ட மாநகராட்சி உத்தேசித்திருந்தது. பல வார்டுகளின் குப்பை லாரியில் அங்கே வரும். புகைபோக்கி எழும்பப்போகும் இடத்துக்கும் குப்பத்தின் கடைசி வீட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன மைதானம்தான். இதற்காக ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்றும் அறிவிப்பில் இருந்தது.

எங்கள் சங்கம் உடனே கூடியது. பத்துப் பேர் வந்தோம். குப்பத்தில் மாதாகோயில் வளாகத்தில் அவர்களும் கூடியிருக்கிறார்கள். எங்கள் கூட்டம் அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் கூட்டம் எங்களுக்குத் தெரியாது.

"மண்டபத்துல நம்ம பக்கம் நாற்காலி காலியாத்தான் இருக்கப்போறது" என்று மாமா அலுத்துக்கொண்டார். டயானா வெந்நீரைக் குடித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து மீன் கொடுத்து முடித்த பிறகும் அவர் ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் நின்றார். "அங்க குப்பைய கொளுத்தப் போறாங்களாம். வந்து கேட்டுட்டு, உங்களுக்குத் தோணுறத சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான். வாட்ச்மேனிடம் சொன்னார், இஸ்திரி போடுகிறவரிடம் சொன்னார், மீன் வாங்கும் வீடுகளின் எதிர்வீட்டு மணியையும் அடித்துச் சொன்னார். சாயங்காலமானால் அவரால் அந்தக் கிசுகிசுப்பும் முடியாது. வீட்டில் சைகையால்தான் பேசுவார்.

"கீற கொஞ்சநஞ்ச சத்தத்தையும் இதுல போட்டுத் தீத்துடாத. டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று ராபர்ட் கோபித்துக்கொண்டார். டயானா அவருக்குச் சோறு போட்டுவிட்டு, காலையில் மறுபடி கிளம்பினார்.

கூட்டத்தன்று காலையில் நான் போனபோது மண்டபத்துக்கு வெளியே ரோடு அடைத்துக்கொண்டிருந்தது. ஏதோ கல்யாணம் என்று நினைத்துவிட்டேன். உள்ளே நாற்காலிகள் நிரம்பி, ஓரத்தில் ஆட்கள் நின்றார்கள். குப்பத்துக்காரர்கள் வேலைக்குப் போகாமல் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே எங்கள் தெருவின் பாட்டு டீச்சர், எதிர் பிளாக் பல் டாக்டர், லிஃப்டில் பார்த்தால்கூட யாரிடமும் பேசாத குடித்தனக்காரர்கள். மாமா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இத்தனை பேரை யார் கூப்பிட்டா?" என்று மாமியிடம் கேட்டார். மாமி முன்வரிசையில் இருந்த டயானாவைக் காட்டினார்.

ஆனால் கூட்டம் கைமீறிப்போனது. பொறியாளர் திரையில் படம் காட்டி விளக்க ஆரம்பித்ததும் ஒரே கூச்சல். யார் கேட்பதும் யாருக்கும் கேட்கவில்லை. தலைமை வகித்த அதிகாரி இரண்டு தடவை மேசையைத் தட்டினார். "இப்படியே போனா கூட்டத்தை முடிச்சுட வேண்டியதுதான்" என்றார். பிறகு பேசப் பெயர் கொடுத்தவர்களைக் கூப்பிட்டார். ஒருவர் பேசி முடிப்பதற்குள் கூச்சலில் இறங்கிப் போனார். அடுத்தது டயானா.

அவர் மைக் முன்னால் வந்து நின்றதும், அவரைத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களை அடக்க, கூச்சல் தணிந்தது. அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மைக்செட்காரர் சத்தத்தைக் கூட்டினார், மைக் ஊளையிட்டது. குறைத்தார், பெரிய பெரிய மின்விசிறிகளின் இரைச்சல் மட்டும் இருந்தது. டயானா மேலே சுழலும் விசிறிகளை ஒரு முறை பார்த்தார். பின்வரிசையிலிருந்து யாரோ எழுந்துபோய் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார்கள். ஒரு வரிசை விசிறி நின்றது. இன்னொருவர் அடுத்ததைத் தட்டினார். மே மாத வெயிலில், மூச்சு முட்டுகிற அந்தக் கூட்டத்தில், ஒவ்வொரு வரிசையாக எல்லா விசிறியும் நின்றுபோனது. வாசலில் நின்றவர்கள் வெளியே இருந்தவர்களைக் கையமர்த்தினார்கள். வேர்வை வழிய அத்தனை பேரும் அசையாமல் இருந்தோம். வெளியே ஒரு காகம் கத்தியது தெளிவாகக் கேட்டது.

"என் பேரு டயானா. மீன் விக்கிறேன்" என்றார் அவர். அந்தக் காற்றுக் குரல் கடைசி வரிசைவரை போனது. "சார் படம் போட்டுச் சொன்னாரு, புகையில கெடுதல் இருக்காதுன்னு. அவர் பொய் சொல்றாருன்னு நான் சொல்லல. ஒருநாள் அந்த மெஷினு கெட்டுப்போச்சின்னா நான் யாரக் கூப்புடணும்?"

பொறியாளர் மரியாதையாகவே பதில் சொன்னார். "அதுக்குத் தனியா ஒரு போன் நம்பர் கொடுப்போம்மா. எந்நேரமும் கூப்பிடலாம்."

"போன்ல என் குரல் எடுபடாது சார். எங்க வூட்டுல கொயந்தைங்களுக்கு மூச்சு முட்டினா, உங்களுக்குக் கேக்குற மாதிரி நான் கத்த முடியாது. அதான் இப்பவே வந்து சொல்றேன். அங்க வேணாம்."

பொறியாளர் கையில் இருந்த ரிமோட்டை மேசையில் வைத்தார். அதிகாரி முன்னால் சாய்ந்து, தானும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க யார் சார்பா பேசறீங்கம்மா? எந்த அமைப்பு?" என்று கேட்டார்.

டயானா திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். ஜானு மாமி எழுந்து நின்றார். பக்கத்தில் ராபர்ட் நின்றார். பிறகு பாட்டு டீச்சர், இஸ்திரிக்காரர், பல் டாக்டர். நாற்காலிகள் நகர்கிற சத்தம் மட்டும் முன்னாலிருந்து பின்னால்வரை அலைபோலப் போனது. மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ஆள் ஒருவர்கூட இல்லை. மேடையில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இதையும் எழுதிக்குங்க" என்றார் அதிகாரி.

அன்றைக்கே எதுவும் முடிவாகிவிடவில்லை. கோரிக்கை, ஆய்வு, மறுபடி ஆய்வு என்று இழுத்தது. மழைக்காலம் முடிந்த பிறகு, அந்த இடத்தில் எரிக்கும் ஆலை வேண்டாம் என்று மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. அந்த நிலத்தில் இப்போது, பக்கத்துத் தெருக்களின் ஈரக்குப்பையை மட்டும் உரமாக்கும் கொட்டகை இருக்கிறது.

கூட்டத்தைப் பற்றி டயானாவிடம் நான் ஒரு நாள் கேட்டேன். அத்தனை விசிறியும் நின்றபோது என்ன தோன்றியது என்று.

"கரண்டு பூடுச்சின்னு நெனச்சேன்" என்றார். "அப்புறம் பாத்தா லைட்டு எரியுது. எத்தினி வருசம் தெருவுல கத்தினேன், ஒருத்தரும் ஃபேன நிறுத்தல."

உரக் கொட்டகையிலிருந்து சில நாள் நாற்றம் வருகிறது. குப்பமும் குறை சொல்கிறது, நாங்களும் சொல்கிறோம். போன வாரம் அது விஷயமாக வார்டு அலுவலகத்துக்கு ஒரு ஆட்டோவில் கிளம்பினோம். ஜானு மாமி முதலில் ஏறி, நகர்ந்து உட்கார்ந்து, டயானாவுக்கு இடம் விட்டார்.